எகிப்தியரும் கரடியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பூனை, முதலை, குள்ளநரி, நீர்யானை, சாண வண்டு என்று எதையும் விடாமல் கும்பிட்ட எகிப்தியர்கள் கரடியை மட்டும் ஏன் விட்டார்கள்? பார்த்ததே இல்லையா? அலெக்சாந்திரியா ஊர்வலத்தில் பனிக்கரடி போனதாக யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பார்த்திருக்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் கயிற்றில் கட்டிய கரடியைத்தான்.

எகிப்தின் அபுசிரில் சாகுரே மன்னனின் பிரமிடு கோயில் இருக்கிறது. ஐந்தாம் வம்சம், ஏறக்குறைய 4500 ஆண்டுப் பழசு. ஜெர்மன் தொல்லியலாளர் போர்ச்சார்ட் அகழ்ந்தெடுத்த அதன் புடைப்புச் சிற்பங்களில் சிரியக் கரடிகள் கழுத்தில் கயிற்றோடு நிற்கின்றன. பக்கத்தில் சிரியாவிலிருந்து வந்த நீண்ட கழுத்து ஜாடிகள். கரடியும் ஜாடியும் ஒரே கணக்கில் வந்து இறங்கிய சரக்கு.

ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு கழித்து, மன்னன் மூன்றாம் துத்மோஸின் அமைச்சர் ரெக்மிரேயின் கல்லறை. பழைய எகிப்திய நகரமான தீப்ஸில் உள்ளது. திறை கொண்டுவருவோர் அங்கே நாடுவாரியாக வரிசையில் வருகிறார்கள். எகிப்துக்குத் தெற்கே இருந்த நூபியர் கையில் ஒட்டகச்சிவிங்கி, அதன் கழுத்தில் தொற்றி ஏறும் குரங்கு. சிரியர் வரிசையில் குதிரை, தேர், ஒரு கரடி, ஒரு குட்டி யானை. அந்த யானைக்குத் தந்தம் இருந்தும் ஆளின் இடுப்பு உயரம்தான். அதை வைத்துக் குள்ள மாமூத் (அழிந்துபோன யானை வகை) என்றுகூட எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஏற்பாக இல்லை. கரடியும்தான் சிறியதாக இருக்கிறது. வரிசைக்குள் அடங்க ஓவியர் சுருக்கிவிட்டார், அவ்வளவுதான்.

உங்கள் முதல் கேள்விக்கு விடை இங்கேயே இருப்பதாக நினைக்கிறேன். முதலையும் குள்ளநரியும் அவர்களோடு ஆற்றங்கரையிலும் இடுகாட்டிலும் வாழ்ந்தவை. பயமும் பழக்கமும் சேர்ந்துதான் தெய்வமாயின. கரடி வெளிநாட்டுப் பொருள். மன்னனின் கை எவ்வளவு தூரம் நீளும் என்று காட்ட அது போதும், கும்பிட வேண்டியதில்லை. வானத்திலும் அப்படித்தான்: கிரேக்கர் கரடியைக் கண்ட சப்தரிஷி மண்டலத்தில் எகிப்தியர் காளையின் முன்னங்காலைக் கண்டார்கள்.

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்தைப் பற்றி எழுதிய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், செத்த பூனைகளைப் புபாஸ்டிஸ் நகருக்குக் கொண்டுபோய்ப் பதப்படுத்திப் புதைப்பார்கள் என்கிறார். கரடி அங்கே அரிது, கிடந்த இடத்திலேயே புதைத்துவிடுவார்கள் என்கிறார். (அவர் சொல்வதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்த வேற்றுமை கவனிக்கத்தக்கது.)

இனிப் பனிக்கரடி. எகிப்தை ஆண்ட கிரேக்க மன்னன் இரண்டாம் தாலமி கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் நடத்திய பெரும் ஊர்வலம் உண்மை. கல்லிக்செனஸ் எழுதிய வர்ணனையைப் பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் அதீனியஸ் எடுத்துக் காட்டியிருக்கிறார். 24 சிங்கங்கள், ஓர் ஒட்டகச்சிவிங்கி, ஒரு காண்டாமிருகம், இவற்றோடு 'பெரிய வெள்ளைக் கரடி ஒன்று'. மூலத்தில் உள்ளது இவ்வளவே. வடதுருவத்தை அதற்குள் நுழைத்தது யூடியூபர். சிரியக் கரடியின் மயிர் பல நேரம் வைக்கோல் நிறத்துக்கு வெளிறியிருக்கும், சிரியாவும் அலெக்சாந்திரியாவுக்குக் கப்பல் தூரம்தான். அது அப்படியொரு கரடியாக இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.