மறதியா, மனச்சோர்வா? மியான்மரின் யாங்கோன் டாக்டரம்மா பதில்கள்

கேள்வி (தாமுவே): அப்பாவுக்கு 78. சக்கரை, பிரஷர், மூட்டுவலி. இரண்டு மாதமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எதைக் கேட்டாலும் "தெரியாது". மறதிநோயா?

பதில்: அந்தத் "தெரியாது"வைக் கவனியுங்கள் தம்பி. மறதிநோய் உள்ளவர் பெரும்பாலும் எதையாவது சொல்லிச் சமாளிப்பார். மனச்சோர்வில் இருப்பவர் யோசிக்கவே மாட்டார், விட்டுவிடுவார். சாப்பாடு குறைந்ததா, விடியுமுன்பே விழித்துக்கொள்கிறாரா? அப்படியென்றால் மனச்சோர்வாக இருக்கலாம். மறதிநோயும் மனச்சோர்வும் சேர்ந்தும் வரும். ரத்தத்தில் தைராய்டு, வைட்டமின் பி12, சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். சக்கரைக்கு வருடக்கணக்காக மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்தால் பி12 குறையலாம். மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டரிடம் போகும்போது வீட்டிலுள்ள மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். ஒரு தாத்தாவின் பையில் ஒரே பிரஷர் மருந்து இரண்டு பெயரில் இருந்தது. அவர் எழுந்து நின்றாலே விழுந்துகொண்டிருந்தார்.

கேள்வி (தன்லின்): பாட்டி இரவில் தூங்குவதில்லை. கடையில் தூக்க மாத்திரை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த மயக்கத்தில் தள்ளாடி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

கேள்வி (பகோ): நேற்றிலிருந்து மாமாவுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை.

பதில்: இன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மறதிநோய் ஒரே இரவில் வராது. பக்கவாதம், சிறுநீர்த் தொற்று, சக்கரை இறக்கம் என எதுவாகவும் இருக்கலாம்.

கேள்வி (மோல்மீன்): அம்மாவுக்கு 84. ஞாபகத் தேர்வில் 30-க்கு 11. முற்றிவிட்டது என்கிறார்கள்.

பதில்: எந்த மொழியில் கேட்டார்கள்?

மோல்மீன்: பர்மியத்தில்தான். அம்மா நாற்பது வருடம் கடை நடத்தியவர், நன்றாகவே பேசுவார்.

பதில்: விலை பேசுவது வேறு, 100-லிருந்து ஏழேழாகக் கழித்துச் சொல்வது வேறு. பள்ளிக்கூடம் போகாதவருக்கு அந்தத் தேர்வில் எப்படியும் மதிப்பெண் குறையும். ஒரு பாட்டி தேதி கேட்டால் விழிப்பார். தமிழில் மாதம் கேட்டேன். "ஆடி. நாளைக்குக் கூழ் ஊத்தணும்" என்றார். சரியாகத்தான் சொன்னார்! தமிழ் தெரிந்தவரை வைத்து மறுபடி கேட்கச் சொல்லுங்கள்.

குறுக்கே ஒருவர்: என் மாமியார் இப்போது தமிழ் மட்டும்தான் பேசுகிறார். பேரப்பிள்ளைகளுக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர் வீம்பு என்கிறார்.

பதில்: வீம்பு இல்லை அம்மா. மறதிநோயில் பிறகு கற்ற மொழி முதலில் நழுவுவது உண்டு. பிள்ளைகளுக்கு "சாப்பிட்டீங்களா", "வலிக்குதா" என்று பத்து வார்த்தை சொல்லிக்கொடுங்கள். வலியைச் சொல்ல வழியில்லாமல்தான் பலர் கத்துகிறார்கள்.

மோல்மீன்: ஆனால் டாக்டரே பர்மியர்...

பதில்: பக்கத்தில் உட்கார்ந்து நீங்கள் மொழிபெயர்க்கலாம். ஆனால் பதிலை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள்.

கேள்வி (யாங்கோன்): தூக்கத்துக்குச் சளி மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: மேலே சொன்னேன். சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் என்ற மருந்தும் கூடாது. குழப்பத்தைக் கூட்டும், சிறுநீரை அடைக்கும்.