கத்தி தீட்டினால் வரும் கருப்புச் சேறு

கேள்வி: காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுக்கிறேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவையாவது கத்தியைக் கல்லில் தீட்ட வேண்டியிருக்கிறது. கருப்பாக வரும் சேறு கையிலும் புடவையிலும் ஒட்டிக் காய்ந்துவிடுகிறது. கல்லில் கெமிக்கல் இருக்கிறது, நுரையீரலைக் கெடுத்துவிடும் என்கிறார் பக்கத்துக் கடை அண்ணன். தண்டையார்பேட்டை வீட்டுத் திண்ணையில் என் தம்பி மோட்டார் சாணை வைத்துப் பிழைக்கிறான். அவனுக்கு இரண்டு மாதமாக வறட்டு இருமல். பயப்பட வேண்டுமா ஐயா?

பதில்: உங்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை அம்மா. தம்பியைப் பற்றித்தான்.

முதலில் கல்லைப் பார்ப்போம். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ் என்று கடையில் விற்கும் கார்பரண்டம் கல் பெரும்பாலும் சிலிக்கான் கார்பைடு அல்லது அலுமினியம் ஆக்சைடு. இரண்டும் உலையில் உருவாகிறவை. உங்களுக்குப் பக்கத்தில் திருவொற்றியூரிலேயே சாணைச் சக்கரம் செய்யும் ஆலை பல வருஷமாக ஓடுகிறது. ஆலையில் செய்தது என்றதும் நமக்கு ஒரு பயம். இந்த விஷயத்தில் கதை தலைகீழ். நுரையீரலுக்குப் பெரிய எதிரி, மணற்கல்லிலும் கருங்கல்லிலும் இயற்கையாகவே இருக்கும் குவார்ட்ஸ். அதன் நுண்தூள் வருஷக்கணக்கில் உள்ளே போனால் நுரையீரல் தழும்பேறி இறுகும். அதுதான் சிலிக்கோசிஸ். குணப்படுத்த மருந்து இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-ல் இந்தத் தூளைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது.

அதற்காக அம்மி ஓரத்தில் நாலு இழுப்பு இழுத்துத் தீட்டும் பாட்டியைத் தடுக்க வேண்டாம். அளவும் காலமும்தான் கணக்கு. 19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் மணற்கல் சக்கரத்தில் கத்தியும் முள்கரண்டியும் தீட்டியவர்கள் இளம் வயதிலேயே மூச்சுத் திணறிச் செத்தார்கள். அவர்களிலும் உலர்வாகத் தீட்டியவர்களுக்குத்தான் ஆயுள் இன்னும் குறைவு. தண்ணீர் விட்டுத் தீட்டியவர்கள் கொஞ்சம் கூடுதலாக வாழ்ந்தார்கள்.

நீங்கள் தண்ணீர் விட்டுத் தீட்டுகிறீர்கள். தூள் சேறாகப் படிந்துவிடுகிறது, பறப்பதில்லை. அந்தக் கருப்பு, கத்தியிலிருந்து தேய்ந்த இரும்பும் கல்லிலிருந்து உதிர்ந்த துகளும். விஷம் என்று சொல்ல முடியாது. ஆனால் மீனோடு போகக் கூடாது, கத்தியை நன்றாகக் கழுவிய பிறகே வெட்டுங்கள். கவனிக்க வேண்டிய இடம், அது காய்ந்த பிறகுதான். காய்ந்த சேற்றை நகத்தால் சுரண்டுவது, புடவையை உதறுவது, கல்லைத் தட்டிச் சுத்தம் செய்வது எல்லாம் அடங்கியிருந்த தூளைத் திரும்பக் கிளப்பிவிடும். ஈரமாக இருக்கும்போதே கழுவிவிட்டால் வேலை முடிந்தது. கல்லுக்கு அடியில் நனைத்த சாக்குத் துண்டைப் போடுங்கள், நழுவாது. எண்ணெய் வேண்டாம். முக்கியமாக, பழைய இன்ஜின் ஆயிலைக் கல்லில் தடவும் பழக்கம் சிலருக்கு உண்டு. சாப்பாட்டுக் கத்திக்கு அது ஆகவே ஆகாது.

சரி, தம்பி. அவர் தீட்டுவது உலர்வாக, முகத்துக்கு ஓர் அடி தூரத்தில். வீட்டுக்குள்ளேயே தூசி. கைக்குட்டை கட்டுவதால் பலனில்லை. நுரையீரலின் அடிவரை போகும் துகள் 4 மைக்ரானுக்கும் சிறியது, தலைமுடியோ ஏறக்குறைய 70 மைக்ரான். மூக்கோரம் இடைவெளி இல்லாமல் பொருந்தும் என்95 மாஸ்க் போடட்டும். ஃபேன் முதுகுப் பக்கத்திலிருந்து வீசினால் தூசி உடம்பின் முன்னால் சுழன்று முகத்துக்கே வரும். பக்கவாட்டில் வைத்து, வாசல் பக்கம் தள்ளட்டும். துடைப்பம் வேண்டாம், ஈரத்துணியால் துடைக்கட்டும். லுங்கியைக் குழந்தைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

லேத் பட்டறைக்காரர்கள் கொண்டுவரும் கார்பைடு டிப்பை, அதாவது இரும்பைச் செதுக்கும் உளியின் கெட்டியான முனையை, பச்சைக் கல்லில் தீட்டிக் கொடுக்கிறாரா என்று கேளுங்கள். அந்த முனையில் கோபால்ட் என்ற உலோகம் இருக்கும். அந்தத் தூளால் ஆஸ்துமாவும் வரும், நுரையீரலும் கெடும். திண்ணையில் செய்கிற வேலையே இல்லை அது.

தூசி மெல்லக் கொல்லும். சக்கரம் நொடியில் வேலையை முடித்துவிடும். 6 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 2,880 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒரு பட்டறையில் உடைந்த சக்கரத்தின் துண்டு தகரக் கூரையில் ஓட்டை போட்டுக்கொண்டு போனதைப் பார்த்தவன் நான். முந்தின நாள் அந்தச் சக்கரம் கீழே விழுந்திருக்கிறது, எடுத்துத் துடைத்து மாட்டிவிட்டார்கள். புதுச் சக்கரமோ விழுந்த சக்கரமோ, மாட்டும் முன் அதன் துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் ஓரத்தில் லேசாகத் தட்ட வேண்டும். 'ணங்' என்று மணிபோல் கேட்டால் நல்லது. விரிசல் விட்ட பானை மாதிரி 'தொப்' என்றால் தூக்கி எறிய வேண்டியதுதான். மாட்டிய பிறகு மூடியோடு ஒரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, நேர் எதிரே நிற்காமல் விலகி நிற்கட்டும். கத்தியை வைத்துப் பிடிக்கும் தாங்கு தட்டுக்கும் சக்கரத்துக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் கத்தி உள்ளே இழுபடும். கண்ணாடி கட்டாயம். கண்ணில் பொறி விழுந்தால் கசக்காமல், துணி முனையால் எடுக்காமல், எழும்பூர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். இரும்புத் துகள் கண்ணிலேயே துரு பிடிக்கும்.

இருமலுக்கு வருவோம். இரண்டு வாரத்தைத் தாண்டிய எந்த இருமலுக்கும் சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் எடுத்துவிட வேண்டும். ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். டாக்டர் கேட்காவிட்டாலும், என்ன வேலை, எத்தனை வருஷம், முன்பு கல் உடைக்கும் இடத்தில் இருந்தாரா என்பதைத் தம்பி அவராகவே சொல்லட்டும். சிலிக்கோசிஸும் காசநோயும் எக்ஸ்ரேயில் ஒன்றுபோல் தெரிவதுண்டு, குவார்ட்ஸ் தூசி பட்டவருக்குக் காசநோய் எளிதில் தொற்றவும் செய்யும். பீடி பிடிக்கிறார் என்றால் அதையும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.