பன்னிரண்டு கணினிகளுக்குக் கண்காணிப்பு மென்பொருள் வேண்டுமா?

கேள்வி: எங்கள் தணிக்கையாளர் அலுவலகத்தில் 12 கணினிகள். எல்லாம் விண்டோஸ் 11 ப்ரோ, சர்வர் கிடையாது. ஊழியர்கள் கண்ட மென்பொருளையும் நிறுவிவிடுகிறார்கள். மூன்று கணினிகள் வேலை நடுவே திடீரென அணைந்து எழுகின்றன. கண்காணிப்பு மென்பொருள் வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு வேண்டிய கருவிகள் ப்ரோ பதிப்பிலேயே இருக்கின்றன.

முதலில் அணையும் கணினிகள். ஸ்டார்ட் மெனுவில் ‘ரிலையபிலிட்டி’ என்று தேடி ரிலையபிலிட்டி மானிட்டரைத் திறங்கள். பலரும் எட்டிப் பார்க்காத கருவி. நான் முதலில் திறப்பது இதைத்தான். கணினியின் நலனுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, எந்த நாளில் எது முடங்கியது, என்ன நிறுவப்பட்டது என்று நாள்வாரியாகக் காட்டும். சிவப்புக் குறிகள் விழத் தொடங்குவதற்கு முந்தைய நாள் புதிய டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) ஏதும் ஏறியிருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

அதில் துப்புக் கிடைக்காவிட்டால், விண்டோஸ் குறித்துவைக்கும் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவர். திறந்தவுடன் மஞ்சளும் சிவப்புமாகப் பதிவுகள் கொட்டும்; மிரள வேண்டாம், நன்றாக ஓடும் கணினியிலும் அப்படித்தான். சிஸ்டம் பதிவை வடிகட்டி 41, 6008, 1074 என்ற எண்களை மட்டும் பாருங்கள். 1074 என்றால் யாரோ ஒருவர், அல்லது அப்டேட் போன்ற ஒரு நிரல், முறைப்படி அணைத்திருக்கிறது. மற்ற இரண்டும் கணினி முறையின்றி நின்றதைச் சொல்பவை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: 41இன் பக்கத்தில் இருப்பது கணினி மறுபடி எழுந்த நேரம். நின்ற நேரம், சற்று முன்பின்னாக, 6008இன் செய்திக்குள் இருக்கும். மூன்று கணினிகளின் நேரங்களையும் ஒரு தாளில் எழுதி ஒப்பிடுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில், உதாரணமாக மதியம் 2.14 வாக்கில், நின்றிருந்தால் சந்தேகம் மின்சாரத்தின்மேல்தான்; விண்டோஸை விட்டுவிட்டு, யூ.பி.எஸ். பேட்டரியைச் சோதிக்க ஆளைக் கூப்பிடுங்கள்.

அடுத்தது நிறுவல். இதற்குக் கண்காணிப்பு மருந்தல்ல. உரிமையைக் குறைக்க வேண்டும். முதலில் உங்களுக்கென்று தனி அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு ஒன்றை உருவாக்கி, அதில் நுழைய முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு கம்ப்யூட்டர் மேனேஜ்மென்டில் ஊழியர் கணக்குகளை அட்மினிஸ்ட்ரேட்டர் குழுவிலிருந்து நீக்கிச் சாதாரணப் பயனர்களாக்குங்கள். பெரும்பாலான தலைவலி இதிலேயே போய்விடும். பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் நிறுவிக்கொள்ளும் மென்பொருள்கள் மட்டும் இதற்கு அடங்காது. குரோம்கூட அப்படி நுழையக்கூடியதுதான்.

பென் டிரைவில் எதையும் நகலெடுத்துப் போகாமல் தடுக்க, விண்டோஸுக்கு விதிகள் போடும் குரூப் பாலிசி எடிட்டர் உண்டு. தணிக்கையாளர் அலுவலகம் என்பதால் ஓர் எச்சரிக்கை: வெளிச் சேமிப்புச் சாதனங்கள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாகத் தடுக்கும் விதியைத் தொடாதீர்கள். யூ.எஸ்.பி.யில் செருகும் டிஜிட்டல் கையொப்ப டோக்கன்கள் பல, டிரைவர் நிறுவுவதற்காகச் சிடி டிரைவ் போலவும் தோன்றும். அதுவும் சேர்ந்து அடைபட்டால், கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி நாளில் உங்களுக்குத்தான் திண்டாட்டம். ரிமூவபிள் டிஸ்க்கில் (பென் டிரைவ் போன்றவற்றில்) எழுதுவதற்கு மட்டும் தடை போட்டால் போதும்.

எல்லாக் கணினிகளின் பதிவுகளையும் ஒரே இடத்தில் குவிக்கும் ஈவென்ட் ஃபார்வர்டிங் வசதியும் விண்டோஸில் இருக்கிறது. ஆனால் டொமைன் (எல்லாக் கணினிகளையும் ஒரு சர்வரிலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) இல்லாத இடத்தில் அதை அமைப்பது சான்றிதழ், ஃபயர்வால் என்று இழுத்துக்கொண்டே போகும். மாதம் ஒருமுறை மேசை மேசையாக உட்கார்ந்து ரிலையபிலிட்டி மானிட்டரைப் பார்த்துவிடுங்கள். ஊழியர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிடும்.