கோவொர்க்கிங் (பலர் பகிர்ந்துகொள்ளும் வாடகை அலுவலக) இடம் எடுக்குமுன்: கேள்வி பதில்

எட்டுப் பேர் டீம். கிண்டியில் சீட் பார்க்கிறோம். சொல்லும் விலையோடு கணக்கு முடியுமா?

முடியாது. உதாரணத்துக்கு சீட் 8,000 ரூபாய் என்றால் எட்டுக்கு 64,000. அதன்மேல் 18% ஜிஎஸ்டி 11,520. ஆக மாதம் 75,520. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்று வரி வசூலிப்பவர் என்றால் 11,520-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் அரசுக்குக் கட்டும் ஜிஎஸ்டியிலிருந்து, கழித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் அது உங்கள் செலவு. மீட்டிங் ரூம் மாதம் எத்தனை மணி நேரம் இலவசம், சனிக்கிழமை ஏசி ஓடுமா, பைக் எங்கே நிற்கும், ஆண்டு உயர்வு எவ்வளவு என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல்லை நம்பி அட்வான்ஸ் கட்டாதீர்கள்.

வேலை வீட்டிலிருந்துதான். முகவரிக்கு மட்டும் பணம் கட்டி ஜிஎஸ்டி பதிவு எடுக்கலாமா?

எடுக்கலாம், சட்டத்தில் தடையில்லை. காகிதத்தில்தான் சிக்கல். ஒப்பந்தம், என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), அந்த இடத்தின் இபி பில் அல்லது சொத்து வரி ரசீது வேண்டும். பில் கட்டட உரிமையாளர் பெயரில் இருக்கும், ஒப்பந்தம் போடுபவரோ அங்கே வாடகைக்கு எடுத்து கோவொர்க்கிங் நடத்துபவர். இருவரையும் இணைக்கும் காகிதம், அதாவது உள்வாடகைக்கு விட அனுமதிக்கும் மூல ஒப்பந்தம் இல்லையென்றால் விளக்கம் கேட்டு ஆர்ஈஜி-03 படிவத்தில் நோட்டீஸ் வரும். ஏழு வேலை நாளுக்குள் ஆர்ஈஜி-04-ல் பதில் தரணும், தவறினால் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். முகவரியில் கேபின் அல்லது சீட் எண்ணும் வேண்டும். வெறும் “4-வது மாடி” போதாது. அதிகாரி நேரில் வந்தால் படம் எடுத்து ஆர்ஈஜி-30 ஆய்வு அறிக்கையில் ஏற்றுவார். உங்களைத் தெரியாது என்று ரிசப்ஷனில் சொன்னால் கதை முடிந்தது. மூல ஒப்பந்தத்தின் நகலைப் பார்த்த பிறகே அட்வான்ஸ்.

என் ஆடிட்டர் பெயர்ப்பலகை தேவையில்லை என்கிறாரே?

சிஜிஎஸ்டி (மத்திய ஜிஎஸ்டி) விதி 18-ஐ அவரிடம் காட்டுங்கள். பதிவுச் சான்றிதழை உள்ளே மாட்டணும், ஜிஎஸ்டி எண் நுழைவாயில் பலகையில் இருக்கணும். பிரைவேட் லிமிடெட் என்றால் 2013 கம்பெனிச் சட்டம் பிரிவு 12-உம் சேரும்: பெயரும் பதிவு அலுவலக முகவரியும் வெளியே தெரியணும், அந்த ஊரில் வழங்கும் மொழியின் எழுத்திலும். சென்னையில் ஆங்கிலம் மட்டும் போட்டால் அது பாதிப் பலகை.

ரிசப்ஷன் திரையில் எல்லாப் பெயரும் ஓடுகிறது. அது போதாதா?

திரை அணைந்திருக்கும்போது அதிகாரி வந்தால்? ஒரு அக்ரிலிக் பலகைக்கு இவ்வளவு வாதமா!

ஆனால் நண்பர் பலகையே இல்லாமல் ஜிஎஸ்டி பதிவு வாங்கிவிட்டார்.

நேரில் யாரும் பார்க்க வரவில்லை, அவ்வளவுதான். விதி மாறவில்லை.

வர்ச்சுவல் ஆபீஸ், அதாவது முகவரி மட்டும் தரும் திட்டம், போதுமா?

இரண்டாம் பதிலைப் படியுங்கள்.

மீட்டிங் ரூமில் அரை மணியில் எல்லோருக்கும் தூக்கம் வருகிறது. ஏசி சரியாகத்தான் இருக்கிறது.

நல்ல கேள்வி. ஸ்ப்ளிட் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஆஷ்ரே 62.1 என்ற காற்றோட்டத் தரநிலையின் கணக்குப்படி ஆளுக்கு 5 சிஎஃப்எம் (நிமிடத்துக்கு இத்தனை கன அடி காற்று), அதோடு சதுர அடிக்கு 0.06. நூறு சதுர அடி, ஆறு பேர் என்றால் 36 சிஎஃப்எம் புதுக்காற்று. கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வைத்துப் பாருங்கள். கதவைச் சாத்தி ஆறு பேர் அரை மணி உட்கார்ந்ததும் 2,000 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 2,000 பங்கு) தாண்டினால் புதுக்காற்று வழி அடைத்திருக்கிறது, அல்லது வழியே இல்லை. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டால் மட்டும் போதாது. கதவின் அடியில் இடைவெளியோ கிரில்லோ இருந்தால்தான் காற்று உள்ளே வரும். அந்த வழியும் வெளியே உள்ள பொதுக் கூடத்தில் திறக்கிறது என்றால், கூடத்துக்கு வெளிக்காற்று எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

கரண்ட் போனால்?

ஜெனரேட்டரில் ஏசியும் ஓடுமா, லைட்டும் சாக்கெட்டும் மட்டுமா? பதிலை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தால் அட்வான்ஸ் திரும்ப வருமா?

லாக்-இன், அதாவது காலி செய்யக்கூடாத குறைந்தபட்சக் காலம், முடிந்திருந்தால் வரும். லாக்-இன் ஓடும்போது நோட்டீஸ் கொடுத்தாலும், ஒப்பந்தத்தைப் பொறுத்து மீதி மாதங்களுக்கும் பணம் கேட்பார்கள். எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், பெயிண்ட் செலவென்று எவ்வளவு கழிப்பார்கள் என்ற இரண்டு வரியும் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

முகவரி மட்டும் எடுத்தால் ஜிஎஸ்டி கிடைக்குமா?

மறுபடியுமா? இரண்டாம் பதில்.

எங்கள் வீட்டு மாடியில் நானே இருபது சீட் போட்டு நடத்தலாமா?

வீட்டு மின் கட்டணத்தில் வணிகம் நடத்த முடியாது, இணைப்பை வணிகக் கட்டணத்துக்கு மாற்றணும். கட்டட அனுமதியும் குடியிருப்புக்குத்தானே இருக்கும்? அதை, பிளான் அப்ரூவல் வாங்கித் தரும் இன்ஜினியரிடம் கேளுங்கள்.