சகுராகி நான்கு மாதங்களில் கற்றது என்ன?

கேள்வி: "தி ஃபர்ஸ்ட் ஸ்லாம் டங்க்" திரைப்படத்தைப் பார்த்தேன். அதில் வரும் செம்முடி இளைஞன் சகுராகி கூடைப்பந்து ஆடத் தொடங்கி நான்கு மாதங்கள்தான் ஆகின்றன என்கிறார்கள். அப்படிப்பட்டவன் நாட்டின் முதல்நிலைப் பள்ளி அணிக்கு எதிராக வெற்றிப் புள்ளியை எடுப்பது நம்பும்படியாக இருக்கிறதா?

நம்பும்படியாகவே இருக்கிறது என்பது என் பதில். ஆனால் படத்தை மட்டும் பார்த்தவருக்கு அந்த ஐயம் எழுவது இயல்புதான். 2022 டிசம்பரில் வெளியான அந்தப் படத்தை, மூலக்கதையை வரைந்த தகேஹிகோ இனோவே தாமே எழுதி இயக்கினார். ஒகினாவாவிலிருந்து வந்த அணித்தோழன் ரியோதா மியாகியையும் அவன் இழந்த அண்ணனையும் அவர் கதையின் நடுவில் வைத்ததால், ஹனாமிச்சி சகுராகி எப்படிக் கற்றான் என்பது படத்தில் ஏறத்தாழ முழுவதும் விடுபட்டுப் போனது. அந்தக் கற்றலைச் சொல்வதற்குத்தான் மூலக்கதையான மாங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை, இருக்கிறது.

மாங்கா 1990 முதல் 1996 வரை "வாராந்திர ஷோனென் ஜம்ப்" இதழில் 276 அத்தியாயங்களாக வந்து 31 தொகுதிகளாக நூலானது. கதையில் கடக்கும் காலமோ, ஜப்பானியக் கல்வியாண்டு தொடங்கும் ஏப்ரலிலிருந்து, உயர்நிலைப் பள்ளிகளுக்கான தேசியப் போட்டியான இன்டர்ஹை நடைபெறும் ஆகஸ்ட் வரை மட்டுமே. நான்கு மாதக் கற்றலைச் சொல்ல இனோவே ஆறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டார். வேறு எந்த விளையாட்டுக் கதையிலும் ஒரு புதியவனின் ஒவ்வொரு படியையும் இவ்வளவு பொறுமையாக வரைந்து நான் பார்த்ததில்லை.

கனகாவா மாநிலத்தின் ஷோஹொகு உயர்நிலைப் பள்ளியில் சேரும் சகுராகிக்குக் கூடைப்பந்தின் மீது எந்த ஈடுபாடும் கிடையாது. ஹருகோ என்ற பெண் அந்த ஆட்டம் பிடிக்குமா என்று கேட்டதற்காகவே அணிக்குள் நுழைகிறான். நுழைந்தவனுக்குக் கிடைப்பது அரங்கத்தின் ஒரு மூலை. மற்றவர்கள் நடுவில் ஆடிக்கொண்டிருக்க, அவன் மட்டும் அந்த மூலையில் பந்தைத் தட்டித் தட்டி டிரிபிள் பழக வேண்டும். பொறுக்க முடியாமல் ஒருமுறை வெளியேறியும் விடுகிறான். நானும் ஒன்பதாம் வகுப்பில் பள்ளி அணியில் சேர்ந்தபோது முதல் சில வாரங்கள் மைதானத்தின் ஓரத்தில் டிரிபிள் மட்டுமே செய்தேன் என்பதால், அந்தப் பக்கங்களை முதன்முதலில் படித்தபோது உள்ளங்கையில் பந்தின் சொரசொரப்பு மீண்டும் வந்தது போலிருந்தது. கூடையை நோக்கி எறிய வேண்டும் என்ற ஏக்கத்தோடு வருபவனிடம், எறிவதற்கு இன்னும் நாளாகும் என்று சொல்லும் காலம் அது. இனோவே தம் பள்ளி நாள்களில் கூடைப்பந்து ஆடியவர். அந்த அலுப்பை அவர் அறிந்தே வரைந்திருக்கிறார்.

அடுத்து அவன் கற்பது லே-அப். ஓடி வந்து இரண்டு அடி வைத்துப் பந்தைக் கூடையருகே விட்டுவிட்டு வரும் எளிய வீச்சு அது. சகுராகி அதைப் பாமரர்களின் ஷாட் என்று இகழ்கிறான், ஆனால் அதுவே அவனுக்கு வராமல் போகிறது. பலம் முழுவதையும் கொட்டிப் பந்தைப் பலகையில் மோதுகிறான். பந்தை எறியக் கூடாது, மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு வர வேண்டும் என்பது அவன் உடலுக்குப் புரிந்த பிறகே அது கூடைக்குள் விழத் தொடங்குகிறது. அப்புறம் ரீபவுண்டுக்காக, அதாவது கூடைக்குள் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பதற்காக, எதிராளியை முதுகால் தடுத்து இடம் பிடிக்கும் முறையை அணித்தலைவன் அகாகி சொல்லித் தருகிறான். சகுராகியின் உயரம் ஏறத்தாழ 189 சென்டிமீட்டர். தாவலும் ஓடும் வலிமையும் பிறவியிலேயே அமைந்தவை. கை நுட்பம் வேண்டாத, இடம் பிடிப்பதும் தாவுவதுமே பெரும்பகுதியாக உள்ள ரீபவுண்டில் அவன் முதலில் தேறுவது முற்றிலும் பொருத்தமானது. தொடரின் நம்பகத்தன்மை இங்கேதான் வேர்பிடிக்கிறது என்று கருதுகிறேன்: அவனால் முடியக்கூடியதை மட்டுமே, முடியக்கூடிய வரிசையில் இனோவே அவனுக்குக் கொடுக்கிறார்.

முடியாதவற்றுக்கு விலையும் கொடுக்க வைக்கிறார். மாநிலப் போட்டியின் தொடக்க ஆட்டங்களில் ஐந்து ஃபவுல்களை (விதிமீறல்களை) செய்து அடுத்தடுத்து வெளியேற்றப்படுகிறான். மாநிலத்தின் முதல்நிலை அணியான கைனானுக்கு எதிரான ஆட்டம் இன்னும் கூர்மையானது. எதிரணிப் பயிற்றுநர் தகாதோ, மியாமசு என்ற மிகச் சிறிய, மெலிந்த ஆட்டக்காரனை அவனுக்குக் காவலாக நிறுத்துகிறார். பலசாலியைத் தடுக்கப் பலவீனமானவனை அனுப்புவது விந்தையாகத் தோன்றலாம். சகுராகியின் ஆட்டம் முழுவதும் உடல்வலிமையை நம்பியது, அவனுக்கு ஷூட்டிங் வராது என்பதை அந்தப் பயிற்றுநர் கண்டுகொண்டார். மோதுவதற்கு ஆளில்லாமல் தடுமாறும் சகுராகி கையெட்டும் தூரத்திலிருந்து எறிந்தும் தவறவிடுகிறான். எதிரணியின் ஃபவுலுக்காகத் தடையின்றி எறியக் கிடைக்கும் ஃபிரீ த்ரோவும் கைகொடுக்காதபோது இரு கைகளாலும் கீழிருந்து மேலாக வீசிப் புள்ளி எடுக்கிறான். அமெரிக்காவின் ரிக் பேரி தம் தொழில்முறை ஆட்டக்காலம் முழுவதும் அப்படி வீசியே மிகச் சிறந்த ஃபிரீ த்ரோ ஆட்டக்காரர்களுள் ஒருவராக விளங்கினார் என்பதால், அது வெறும் வேடிக்கைக்காகச் சேர்த்த காட்சி அன்று. ஆட்டத்தின் கடைசி நொடிகளில், அகாகி என்று நினைத்து எதிரணியின் தகசாகோவுக்குப் பந்தைக் கொடுத்துவிடுகிறான். 90-88 என்ற கணக்கில் ஷோஹொகு தோற்கிறது. பின்னர் அவன் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு வருகிறான். படத்தில் நீங்கள் பார்த்த அந்தக் குட்டைச் செம்முடி இந்தத் தோல்வியின் அடையாளம்.

அதன் பிறகு கூடைக்கு நேர் கீழிருந்து எறிவதைக் கற்கிறான். அதுவும் அருகிலிருந்து மட்டுமே. தாவியபடி எறியும் ஜம்ப் ஷாட் அவனுக்குக் கிடைப்பது இன்டர்ஹைக்குச் சற்று முன்புதான். அணி பயிற்சி முகாமுக்காக சிசுவோகா சென்றுவிட, பயிற்றுநர் அன்சாய் அவனை மட்டும் பள்ளியிலேயே நிறுத்தி 20,000 முறை எறிய வைக்கிறார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அவன் எறிவதை வீடியோவில் பதிவு செய்து அவனுக்கே காட்டும் காட்சி. தன் வடிவம் சிறந்த ஆட்டக்காரர்களுடையதைப் போல இருக்கிறது என்று மனத்துக்குள் எண்ணியிருந்தவன், திரையில் தன் உடல் கோணலாக நிற்பதைக் கண்டு அதிர்ந்து போகிறான். எறியும்போது முழங்கை எங்கே போகிறது என்பது எறிபவருக்குத் தெரியாது. எனக்கு அதைப் பிறர் சொல்லியும் பல மாதங்கள் விளங்கவில்லை, பார்த்த பிறகே விளங்கியது. அன்சாய் செய்தது மிகச் சரியான பயிற்றுமுறை. பல வகை ஷாட்களை அரைகுறையாகத் தராமல், ஒன்றை மட்டும் முழுதாகத் தந்தார்.

இந்த இருப்போடுதான் அவன் சன்னோ தொழில்நுட்பப் பள்ளிக்கு எதிராக இறங்குகிறான். நீங்கள் படத்தில் பார்த்த ஆட்டம் அதுவே. அகிதா மாநிலத்தைச் சேர்ந்த அந்த அணிக்கு, உண்மையில் அதே மாநிலத்தில் பலமுறை தேசியப் பட்டம் வென்ற நோஷிரோ தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியே முன்மாதிரி என்று பரவலாகக் கருதப்படுகிறது. இரண்டாம் பாதியில் சன்னோ மைதானம் முழுவதும் எதிராளிகளை நெருக்கித் தடுக்கும் முழு மைதான அழுத்தத்தைத் தொடங்கி 20 புள்ளிகளுக்கு மேல் முன்னேறும்போது, அன்சாய் சகுராகியை வெளியே அழைத்து அமர வைத்துவிட்டு, நீ எதிரணியின் கூடையருகே ரீபவுண்ட் பிடித்தால் நமக்கு நேரவிருந்த இரண்டு புள்ளி இழப்பு நீங்கும், இரண்டு புள்ளி எடுக்கும் வாய்ப்பும் பிறக்கும், ஆகவே அது நான்கு புள்ளிகளுக்குச் சமம் என்று விளக்குகிறார். புதியவனிடம் வேறெதையும் அவர் கேட்கவில்லை. ஏப்ரலிலிருந்து அவன் நன்றாகச் செய்துவந்த ஒன்றையே மீண்டும் செய்யச் சொன்னார்.

இப்போது உங்கள் கேள்வியின் மையமான கடைசி வீச்சுக்கு வருகிறேன். 78-77 என்று சன்னோ முந்தியிருக்கும் நிலையில், தடுக்கப்பட்ட அணித்தோழன் ருகாவா, தன்னை எதிரியாகவே நினைத்துவந்த சகுராகிக்குப் பந்தைத் தருகிறான். சகுராகி அப்போது எதிராளியைக் கடந்து முன்னேறவில்லை, தூரத்திலிருந்தும் எறியவில்லை, தாவிப் பந்தைக் கூடையில் அறையவும் இல்லை. யாரும் காவல் நில்லாத இடத்தில் நின்று, இடக்கையைத் தாங்கலாக மட்டும் வைத்து, கோடையில் 20,000 முறை எறிந்த அதே ஜம்ப் ஷாட்டை எறிகிறான். 79-78. மாங்காவில் அந்தப் பக்கங்கள் ஏறத்தாழச் சொல்லற்றவை. முன்பே 20,000 முறை பார்த்துவிட்ட அசைவுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. சன்னோ அவனைத் தனியே விட்டதும் பிழையன்று, ருகாவா பந்தைப் பிறருக்குத் தரமாட்டான் என்பதும் செம்முடிக்காரனுக்கு ஷூட்டிங் வராது என்பதும் அதுவரை உண்மையாகவே இருந்தன.

நம்பக் கடினமான ஒன்று இருக்கிறதென்றால், அது அவன் உடல்தான். அப்படி ஓடவும் தாவவும் கூடிய பதினைந்து வயதுப் பையன், அதுவரை எந்த விளையாட்டு அணியின் கண்ணிலும் படாமல் இருந்திருப்பானா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த உடலும் முடிவில் விலை கொடுக்கிறது. எல்லைக்கு வெளியே போகும் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து முதுகில் அடிபட்ட பிறகே அவன் அந்தக் கடைசி நிமிடங்களை ஆடுகிறான்.

தொலைக்காட்சி அனிமே உங்களுக்கு இதைக் காட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தோயெய் அனிமேஷன் 1993 முதல் 1996 வரை தயாரித்த 101 பகுதிகள் இன்டர்ஹைக்கு முன்பே நின்றுவிடுகின்றன. 20,000 வீச்சுகள் அதில் இல்லை, சன்னோவும் இல்லை. ஆகவே மாங்காவை முதல் தொகுதியிலிருந்தே படியுங்கள். சன்னோவை வென்ற அணி அடுத்த ஆட்டத்திலேயே ஐவா பள்ளியிடம் படுதோல்வி அடைகிறது என்பதை அங்கே ஓரிரு வரிகளில் காண்பீர்கள். கடைசி அத்தியாயத்தில் சகுராகி கடற்கரையில் இருக்கிறான், முதுகுக்கான மறுவாழ்வுப் பயிற்சி இன்னும் முடியவில்லை, ருகாவா தேசிய இளையோர் அணியின் சட்டையோடு அந்த வழியே ஓடி வருகிறான்.