தொழு உரம் போட்டும் கரிமம் ஏறவில்லையே?

கேள்வி: மேலூர் பக்கம் செம்மண் நிலம். இரண்டு வருஷமாக ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் போடுகிறேன். மண் பரிசோதனையில் அங்ககக் கரிமம் 0.38 சதவீதத்திலிருந்து 0.41க்குத்தான் வந்திருக்கிறது. உரம் வீணாகிறதா?

பதில்: வீணாகவில்லை, கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண் மட்டும் சுமார் 9 லட்சம் கிலோ. கரிமம் 0.1 சதவீதம் ஏற வேண்டுமானால் 900 கிலோ கரிமம் அதில் தங்க வேண்டும். 5 டன் தொழு உரத்தில் ஈரமும் மண்ணும் போக, கரிமம் ஏறத்தாழ 500 முதல் 800 கிலோ. நம் வெயிலுக்கு அதில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக விட்டுவிடும். செம்மண்ணில் களி குறைவு. மிஞ்சுவதையும் அது அதிகம் பிடித்துவைக்காது. திருமங்கலம் கரிசல் இதில் தேவலை.

பச்சைச் சாணத்தைப் போடாதீர்கள். மக்காத சாணம் தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்துக்கொள்ளும், பயிர் வெளுக்கும், வேர்ப்புழுவும் களையும் கூடவே வரும். உதிரியாகி, சாண வாடை போனதும் இறைத்து, அன்றே உழுதுவிடுங்கள். வயலில் குவித்துக் காயவிட்டால் தழைச்சத்து பறந்துவிடும்.

பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து, பூக்கும்போது, சுமார் 45 நாளில் மடக்கி உழலாம். அது இளசாக இருப்பதால் தழைச்சத்து சீக்கிரம் கிடைக்கும். நிலைத்த கரிமம் குறைவு. அதனால் தொழு உரத்தை நிறுத்த வேண்டாம். கரும்புச் சோகையையும் தட்டையையும் தயவுசெய்து எரிக்காதீர்கள், மண்ணை மூடும் மூடாக்காகப் போடுங்கள். தேவையற்ற கோடை உழவுகளையும் குறையுங்கள்.

0.03 வித்தியாசம் மாதிரி எடுத்த இடத்தாலும் வரும். அடுத்த முறை உரம் போடுமுன், வரப்பு, நிழல், எருக்குவியல் இருந்த இடம் தவிர்த்து, 10 இடங்களில் 'வி' வடிவக் குழியில் 15 செ.மீ. ஆழம்வரை மண் எடுங்கள்.