கேம் விளையாடினா மூளை ஷார்ப்பாகுமோ? கொக்குவில் அம்மாவுக்கு ஒரு பதில்

கொக்குவிலில இருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறா. மகனுக்கு 13 வயசு, எட்டாம் ஆண்டு படிக்கிறான். கனடாவில இருக்கிற மாமா போன வருசம் ஒரு ஃபோன் அனுப்பிவிட்டவர், அதில இருந்து பெடியன் டியூசனால வந்த கையோட ஃப்ரீ ஃபயர் எண்ட சண்டைக் கேம், சனி ஞாயிறு எண்டா கட்டை அடுக்கி வீடு கட்டுற மைன்கிராஃப்ட். ஏசினா உடன ஒரு வீடியோவை எடுத்துக் காட்டுறானாம், "இஞ்ச பாருங்கோ அம்மா, கேம் விளையாடின டொக்டர்மார்தான் ஒப்பரேசன் வடிவாச் செய்யினமாம்" எண்டு. "இவன் சொல்லுறது உண்மையோ, இல்லாட்டி என்னைப் பேய்க்காட்டுறானோ? விடுறதோ நிப்பாட்டுறதோ?" இதுதான் அவவின்ர கேள்வி.

தங்கச்சி, மகன் உங்களைப் பேய்க்காட்டேல்லை. அந்த டொக்டர்மாரின்ர ஆய்வு உண்மையா 2007இல அமெரிக்காவில வந்ததுதான். ஆனா அவன் சொல்லுறது பாதிக் கதை, மிச்சப் பாதியும் தெரிஞ்சாத்தான் நீங்கள் ஒரு முடிவுக்கு வரலாம்.

அதில பங்குபற்றினது 33 சேர்ஜன்மார். வயித்தில சின்ன ஓட்டை போட்டு கமராவை உள்ள விட்டு, டிவி மாதிரி ஒரு திரையைப் பார்த்துக்கொண்டு நீட்டுக் கருவியால செய்யிற லப்பரஸ்கோப்பி ஒப்பரேசன் இருக்கெல்லோ, அதுக்கான பயிற்சியைத்தான் அவையளைச் செய்யவிட்டுப் பார்த்தவை. நோயாளியில இல்லை, பயிற்சிப் பெட்டியில. முந்தி கிழமைக்கு 3 மணித்தியாலத்துக்கு மேல கேம் விளையாடின ஆக்கள் ஒருநாளும் விளையாடாத ஆக்களை விட 37 வீதம் குறைவாப் பிழை விட்டிருக்கினம், 27 வீதம் கெதியா முடிச்சிருக்கினம். பெரிய வித்தியாசம்தான். ஆனா அந்த வேலை எப்பிடிப்பட்டது எண்டு ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ, கண் திரையில, கை வேற இடத்தில, கருவியின்ர பிடியை இடப்பக்கம் அசைச்சா உள்ள இருக்கிற முனை வலப்பக்கம் போகும், அதை மூளை மாத்தி விளங்கிக்கொண்டு கையை ஓட்டவேணும், இது கிட்டத்தட்ட கேம் விளையாடுற மாதிரித்தான். ஒண்டுக்கொண்டு ஒத்த வேலை எண்டபடியாத்தான் கை கொடுத்திருக்கு. அதோட, கேம் விளையாடினதாலதான் அவையளின்ர கை திறமானதோ, இல்லாட்டி முதலே கையும் கண்ணும் ஒத்து ஓடுற ஆக்கள்தான் கேமை விரும்பி விளையாடினவையோ எண்டதை இந்த ஆய்வை மட்டும் வச்சுச் சொல்ல ஏலாது.

அந்தச் சந்தேகத்துக்கு வேற ஒரு ஆய்வு கொஞ்சம் பதில் சொல்லுது. ரொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில ஷோன் கிரீன், டாஃப்னி பவேலியே எண்ட ரெண்டு பேர் 2003இல செய்தது. கேம் விளையாடாத ஆக்களைப் பிடிச்சு ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் எண்டு 10 நாள், ஒரு பகுதிக்கு சண்டைக் கேம், மற்றப் பகுதிக்கு மேலயிருந்து விழுகிற கட்டைகளை அடுக்கிற டெட்ரிஸ். சண்டைக் கேம் விளையாடின ஆக்களுக்கு கண்ணால கவனிக்கிற திறமை கூடினது, அதாவது திரையின்ர ஓரத்தில சடாரெண்டு வாற ஒண்டைப் பிடிக்கிறது, ஒரே நேரத்தில கன சாமானில கண் வச்சிருக்கிறது. டெட்ரிஸ்காரருக்கு அப்பிடிக் கூடேல்லை. அப்ப ஃப்ரீ ஃபயர் மாதிரிச் சண்டைக் கேமால கண்ணின்ர கவனம் கூடலாம் எண்டதை நான் ஒத்துக்கொள்ளுறன்.

ஆனா கண் கூர்மையானா கணக்கு வருமோ? இஞ்சதான் கனபேர் வழுக்கி விழுகினம். 2010இல பிபிசியோட சேர்ந்து செய்த ஆய்வில 11,430 பேர் ஆறு கிழமை கொம்பியூட்டரில மூளைப் பயிற்சி விளையாட்டு விளையாடினவை. விளையாடின விளையாட்டில எல்லாரும் முன்னேறினவை, வேற சோதினை வச்சா அந்த முன்னேற்றம் அதில தெரியேல்லை. 2018இல சாலா, கோபே எண்ட ஆய்வாளர்மார் அதுவரைக்கும் வந்த ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்தும், கேம் பயிற்சியால பொதுவான புத்தி கூடுது எண்டு சொல்ல ஆதாரம் காணாது எண்டுதான் எழுதினவை. கரம் போர்ட்டில காய் எந்தப் பக்கம் தெறிக்கும் எண்டு பார்த்த உடன சொல்லுற பெடியன் கேத்திரகணிதத்திலயும் புள்ளி எடுப்பான் எண்டில்லையே, அதே கதைதான். கோணம் ஒண்டுதான், ஆனா கைக்குத் தெரிஞ்சது கொப்பிக்குத் தானா இறங்காது, ஒராள் இருந்து இறக்கவேணும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன், உங்கட மகன்ர வயசுதான், மைன்கிராஃப்டில மூண்டு மாடி வீடே கட்டுவான். வீட்டில கோழிக்கூடு பழசாப் போச்சு, புதுசு அடிக்கவேணும், தகப்பன் அவனிட்டயே பிளானைக் கேட்டவர். அவன் கேமில செய்யிற மாதிரி 3 கட்டை நீளம், 2 கட்டை அகலம் எண்டு கொப்பியில கீறிக்கொண்டு வந்தான். மைன்கிராஃப்டில ஒரு கட்டை ஒரு மீற்றர், அது அவனுக்குத் தெரியும். கடைக்குப் போனா கம்பி வலையை அடிக்கணக்கிலதான் வெட்டிக் குடுப்பினம். ஒரு மீற்றர் 3 அடி 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, அப்ப நாலு பக்கமும் சுத்த எத்தினை அடி, கதவுக்கு எவ்வளவு கழிக்கிறது, மடிச்சு அடிக்க எவ்வளவு விடுறது? அரை மணித்தியாலம் குந்தியிருந்து கணக்குப் பார்த்தான். பேந்து பலகையை அறுக்கேக்க இன்னொரு பிரச்சினை, ரெண்டு பலகை பொருந்திற மூலையில பலகையின்ர தடிப்பை அவன் கழிக்கேல்லை, கேமில சுவருக்குத் தடிப்பைப் பற்றி அவன் ஒருநாளும் யோசிச்சதில்லை. ஒரு பலகை வீணாப்போச்சு, தகப்பன் ஏசேல்லை, அதுதான் எனக்குப் பெரிய சந்தோசம். ரெண்டாம் பலகையில பென்சிலால கோடு போட்டு, ரெண்டு தரம் அளந்துதான் வாளை வச்சவன்.

அந்தப் பிள்ளை கேமில வீணா நேரம் போக்கினவன் எண்டு நான் சொல்லமாட்டன். ஒண்டைக் கட்டமுதல் மனசில முழுசாப் பார்க்கிற பழக்கம் அவனுக்கு முதலே இருந்தது. டேப் பிடிக்கிறதும் வாள் பிடிக்கிறதும் கையால செய்துதான் வந்தது.

ஆனபடியா நிப்பாட்டச் சொல்லமாட்டன். மைன்கிராஃப்டைக் கொஞ்சம் கூட விடுங்கோ, ஃப்ரீ ஃபயரைக் குறையுங்கோ. கிழமைக்கு ஒருக்கா பக்கத்தில இருந்து, "இதை ஏன் இஞ்ச வச்சனி? இது பிழைச்சா என்ன செய்வாய்?" எண்டு கேளுங்கோ, சோதினை மாதிரி இல்லை, உண்மையா அறிய விரும்பிற மாதிரி. தான் செய்ததை வாயால சொல்லேக்கதான் பிள்ளைக்கே தான் என்ன யோசிச்சனெண்டு விளங்கும். அதோட வீட்டில அளக்கிற வேலை, பூட்டிக் கழட்டிற வேலை என்ன இருந்தாலும் அவனிட்டக் குடுங்கோ.

நித்திரையில மட்டும் விட்டுக்குடுக்காதேங்கோ. பகல் படிச்சது மனசில பதியிறதே நித்திரையிலதான், இரவு 12 மணி வரைக்கும் ஃபோனோட கிடந்தா டியூசன் காசும் வீண். இரவில ஃபோன் உங்கட அறையில சார்ஜில கிடக்கட்டும், உங்கட ஃபோனும் அதோட கிடந்தா அவன் எதிர்த்துக் கதைக்கமாட்டான்.

உலக சுகாதார நிறுவனம் கேம் விளையாட்டுக் கோளாறு எண்டு ஒண்டை நோய்ப் பட்டியலில சேர்த்திருக்கு, 2022 ஜனவரியில இருந்து அது நடைமுறையில இருக்கு. கட்டுப்படுத்த ஏலாமை, மற்ற எல்லாத்தையும் விட கேமே பெரிசாப் போறது, கெடுதி நடக்குதெண்டு தெரிஞ்சும் விடாமை, இதுகள் வழமையா 12 மாசமாவது தொடர்ந்து இருந்தாத்தான் அந்தப் பெயர். உங்கட மகன் பள்ளிக்கூடம் போறான், சாப்பிடுறான், கூட்டாளிமாரோட கிரிக்கெட்டும் அடிக்கிறானெண்டு எழுதியிருக்கிறியள், அவன் அந்த நிலையில இல்லை. அப்பிடி ஒரு பயம் எப்பவாவது வந்தா யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின்ர மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, அதில வெக்கப்பட ஒண்டுமில்லை.

கடைசியா, "நிப்பாட்டு எண்டா கத்துறான்" எண்டு எழுதியிருக்கிறியள். ஃப்ரீ ஃபயரில ஒரு மட்ச் 10 நிமிசம் மட்டில ஓடும், 50 பேர் விளையாடுவினம், குழுவா விளையாடேக்க நடுவில ஃபோனைப் பறிச்சா கூட்டாளிமாரைக் கைவிட்ட மாதிரி அவனுக்கு. "இன்னும் அஞ்சு நிமிசம்" எண்டு சொல்லாதேங்கோ. மட்ச் தொடங்கமுதல் பக்கத்தில போய், "தம்பி, இதுதான் கடைசி மட்ச்" எண்டு சொல்லிப்போட்டு, முடியுமட்டும் அதிலயே இருங்கோ.